தோள் வணக்கம்

தேர்வுக்கூடத்தில் இருபத்து நான்கு பேர், சதைத் துணுக்கை உறையவைத்துச் சீவும் உறைவெட்டிகளின் முன் குனிந்திருந்தார்கள். ஏழாம் அசைவு வந்ததும் இருபத்து மூன்று பேர் இடது தோளை உயர்த்தி, மேல்கையால் மூக்கை ஒருமுறை மேல்நோக்கித் தேய்த்தார்கள். ரொசிலா மட்டும் தன்பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"தோள் வணக்கம் இல்லை. தோல்வி," என்றது சான்றாளி இயந்திரம்.

இது இரண்டாம் முறை. மூன்றாம் முறையும் தோற்றால் ஆயுசுக்கும் அவள் உறைவெட்டியைத் தொடக் கூடாது. தூத்துக்குடியில் இருபத்தாறு வருடம் சான்றிதழ் இல்லாமலே வெட்டியவள். இந்த வருடம்தான் அது கட்டாயமானது. வேறு வேலை அவளுக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் பிடித்திருக்காது.

வெயில் அப்படி முற்றிப்போன காலம். தோல் புற்று ஜலதோஷம் போல ஊரெல்லாம் வந்தது. மருத்துவர் புற்றைச் செதுக்கித் தருவார். நோயாளி மேசையிலேயே காத்திருக்க, அந்தத் துணுக்கின் ஓரங்களுக்குச் சாயம் பூசி, உறையவைத்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவ வேண்டும். எந்த ஓரத்தில் வேர் மிச்சமோ அங்கே மட்டும் மருத்துவர் மறுபடி செதுக்குவார். சீவல் கிழிந்தால் வேர் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இதைக் கற்க முன்பெல்லாம் வருடங்கள் பிடித்தன. கைப்பதிவி வந்தபின் ஒன்பதே நாள்தான். பதினோரு வருடத்துக்கு முன் நூற்றுக்கணக்கானோரின் கையசைவுகளைப் பதிவு செய்து, அவற்றில் சிறந்த ஒன்றை 'மூலக் கை' ஆக்கினார்கள். பயிற்சியுறையை மாட்டினால் அந்தக் கை நம் கையில் ஏறிக்கொள்ளும். அது யாருடையது என்பது சட்டப்படி ரகசியம். அதையும் மிஞ்சும் கை வந்தால் சான்றாளி அதையே புது மூலமாக்கும். இதுவரை ஒன்றும் வரவில்லை.

"அந்தத் தோள் வணக்கம் என்னத்துக்கு சார்?" என்று தேர்வு அலுவலர் மாசானமுத்துவிடம் எரிச்சலோடு கேட்டாள் ரொசிலா.

"தோள் இறுக்கம் தளருமாம் யக்கா. புத்தகத்துல மூணு பக்கம் போட்டிருக்காவ. நீங்களே பாருங்க."

சுவரில் மூலக் கையின் பதிவு ஓடியது. அந்தக் கையின் கோணல் சுண்டுவிரலைப் பார்த்தாள். தன் சுண்டுவிரலைப் பார்த்தாள்.

"ஏ மாதாவே! இது என் கைல்லா!"

"என்னக்கா சொல்லுதிய?"

"அன்னைக்கு என் கையையும் பதிவு எடுத்தாவ. அப்ப நான் கண்ணாடி போட்டிருந்தேன். ஏழாவது அசைவுக்குக் குனிஞ்சா வழுக்கும். கையுறையோட மூஞ்சியத் தொடக் கூடாதுல்லா? அதான் மேல்கையால ஏத்திவிடுவேன். இப்பக் கண்ணுக்குள்ளயே லென்ஸ் வச்சாச்சு. ஏத்துறதுக்கு என்ன இருக்கு?"

மாசானமுத்து தலையில் கைவைத்துக்கொண்டார். பதினோரு வருடமாக நாட்டில் நாற்பதாயிரம் பேர் இல்லாத கண்ணாடியை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்!

"சட்டப்படி நான் இதைக் கேட்கவே இல்ல யக்கா. தயவுசெஞ்சு ஒருதரம் மூக்கைத் தேய்ச்சிட்டுப் போயிருங்க."

மூன்றாம் முறை. கத்தி சீரான வேகத்தில் போனது. ஏழாம் அசைவில் ரொசிலா தோளை உயர்த்தி வெறும் மூக்கைத் தேய்த்தாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. தோள் குலுங்க, கெக்கெக்கெவென்று சிரித்துவிட்டாள். கை மட்டும் அசையவில்லை. சீவல் கிழியாமல் கண்ணாடித் தகட்டில் படிந்தது.

மாசானமுத்து சான்றாளியின் பக்கம் திரும்பினார்.

"தேர்ச்சி," என்றது சான்றாளி. "மூலக் கையை மிஞ்சிய கை. மூலம் புதுப்பிக்கப்பட்டது."

ரொசிலா சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள்.

அடுத்த வருடம் சான்றிதழைப் புதுப்பிக்க அதே கூடத்துக்கு வந்தாள். இருபத்து மூன்று பேர் ஒரே நேரத்தில் தோளை உயர்த்தி, மூக்கைத் தேய்த்து, கெக்கெக்கெவென்று சிரித்தார்கள். சிரிக்காத ஒரு பையனைச் சான்றாளி வெளியே அனுப்பியது. ஆய்வகத்துக்குள் சிரிப்புக் கேட்டாலே வேர் முழுக்கப் போய்விட்டது என்று மேசையில் கிடக்கும் நோயாளிகளும் நம்பிச் சேர்ந்து சிரிக்கிறார்களாம். புத்தகத்தில் இப்போது ஐந்து பக்கம்.

ரொசிலா உறைவெட்டியின் முன் உட்கார்ந்தாள். மாசானமுத்து ஓடிவந்து அவள் காதருகே குனிந்தார்.

"யக்கா, உங்களக் கும்பிட்டுக் கேட்டுக்கிடுதேன். இன்னைக்குத் தும்மிராதிய."