மணப்பெண்ணின் நாற்காலி

மணப்பெண் உட்காரப் போகும் நாற்காலியை நகர்த்தியபோது, அதன் அடியில் மரத்தரையில் நாலு குழிகள் இருந்தன. கட்டைவிரல் நுனி புதையும் ஆழம். பூக்காரர் குனிந்து ஒன்றில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை நாற்காலியையும் நகர்த்தினார். அங்கே தரை வழுவழுவென்று இருந்தது.

"ரெண்டும் ஒரே ஜோடி. ஒண்ணு மட்டும் எப்படி இப்படி அமுங்கும்?"

"யாராவது உட்கார்ந்தா அமுங்கும்," என்றாள் அவள், அளவு நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எழுந்திரிக்காம உட்கார்ந்தாதான் இப்படி அமுங்கும்."

அவள் நாடாவைச் சுருட்டினாள். மேடை பன்னிரண்டடி என்று குறித்துக்கொண்டாள். கல்யாணங்களை ஏற்பாடு செய்து நடத்திக் கொடுப்பது அவள் தொழில். பதினாறு வருடங்களில் அழுகிற மணப்பெண், குடித்துவிட்டு வரும் சித்தப்பா, காணாமல் போகும் மோதிரம் என்று எல்லாவற்றையும் சமாளித்தவள். ஆறு மணி என்றால் ஆறு மணிக்கு மணப்பெண் மேடையில் இருப்பாள். அதனால் கூட வேலை செய்கிறவர்கள் கடிகாரம்மா என்று பேர் வைத்திருந்தார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

இந்தக் கல்யாணம் மட்டும் ஆரம்பத்திலிருந்தே ஒரு தினுசாக இருந்தது. பெண்ணுக்குப் பழைய பேய் நாவல்கள் என்றால் உயிராம். கல்யாணமே அப்படி ஒரு நாவலுக்குள் நடப்பதுபோல இருக்க வேண்டுமாம். ஏரிக்கரையில் மாப்பிள்ளை வீட்டுப் புத்தக அறை, கறுப்பு என்று ஏமாறும் அளவுக்குச் சிவந்த ரோஜாக்கள், இலை உதிர்ந்த கிளைகள், நூற்றியிருபது மெழுகுவத்தி, முகத்தை மூடக் கறுப்பு லேஸ். அழைப்பிதழ்கூட அட்டை கிழிந்த பழைய புத்தகம் மாதிரிதான்.

"கல்யாண வீடா, எழவு வீடா?" என்று பூக்காரர் முதல் நாளே கேட்டுவிட்டார். "வாழ்க்கையில முதல் தடவையா வாடின பூவை விலை பேசி வாங்குறேன்."

அவள் சிரித்தாள். கேலிக்கு அவள் தடை சொன்னதே இல்லை. ஆனால் சந்தேகம் அப்போதே காலைச் சுற்ற ஆரம்பித்திருந்தது. பேச்சுவார்த்தை எல்லாம் மாப்பிள்ளையின் அக்காவோடுதான். வெயில் காலத்திலும் கையுறை கழற்றாத, நெட்டையான, மெல்லப் பேசுகிற அம்மாள். மாப்பிள்ளைக்கு உடம்பு சுகமில்லை, கல்யாணத்தன்றுதான் வருவார். பெண் வெளியூரில் படிக்கிறாள், அவளும் அன்றைக்குத்தான் வருவாள். போனில் பேசலாம், அவ்வளவே.

போனில் பெண்ணின் குரல் இளசாக இருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் அனுமதி கேட்டுப் பேசுகிற மாதிரி ஒரு மென்மை.

"எந்தப் பூ வைக்கலாம்மா?"

"நீங்களே சொல்லுங்கக்கா. உங்களுக்கா இருந்தா எது வைப்பீங்க?"

எந்த இசை, எந்தப் பக்கமிருந்து நடந்து வருவது, எந்த விரலில் மோதிரம், எதைக் கேட்டாலும் இதே பதில்தான். நூறு கேள்வி உள்ள படிவம் முழுவதையும் கடைசியில் அவளே தன் விருப்பப்படி நிரப்பினாள். இப்படி ஒரு பெண்ணை அவள் முன்பு ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். அது அவள் சொந்தத் தங்கை. கல்யாணத்தன்று தங்கையின் கை நடுங்கியதைப் பார்த்தும், பதற்றம்தான் என்று பேசாமல் இருந்தாள். கல்யாணமும் நேரம் தவறாமல் நடந்து முடிந்தது. அந்தத் தங்கை இன்றுவரை அவளிடம் பேசுவதில்லை.

பெண்ணோடு பேசும்போதெல்லாம் பின்னால் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். மூன்று தட்டுத் தட்டி நாலாவதை விழுங்கிவிடும் நொண்டிக் கடிகாரம். அவளுக்கு அது எரிச்சலாகவே இருந்தது. ரிப்பேர் பண்ணச் சொல்லலாமா என்றுகூட நினைத்திருக்கிறாள்.

மேடை அளந்து முடித்து, பூக்காரர் வண்டிக்குப் போன பிறகு அவள் அந்த அறையில் தனியாக நின்றாள். கூரைவரை அடுக்கிய புத்தகங்களிலிருந்து ஈரக் காகிதமும் பழைய மெழுகும் கலந்த ஒரு வாடை இறங்கி, நாக்கில் துரு மாதிரி படிந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏரித் தண்ணீர் கல்லில் மோதும் சத்தம் வந்தது. அது ஓய்ந்த இடைவெளியில், புத்தக அலமாரிக்கும் மணப்பெண்ணின் நாற்காலிக்கும் நடுவில் இருந்த சின்னக் கதவுக்குப் பின்னாலிருந்து, மூன்று தட்டு கேட்டது. ஒரு விழுங்கல். மறுபடியும் மூன்று தட்டு.

அவள் போனை எடுத்துப் பெண்ணின் எண்ணை அழுத்தினாள். ஒரு காதில் போன், இன்னொரு காதில் கதவு. இரண்டிலும் ஒரே நேரத்தில் அந்தக் கடிகாரம் நொண்டியது.

"எங்கம்மா இருக்கீங்க நீங்க?"

"அவங்க பக்கத்துல இல்லையே?" என்றது குரல்.

"யாரும் இல்ல. சொல்லுங்க."

"எனக்கு இங்கிருந்து போகணும்க்கா. என்னால தானா எழுந்து வர முடியாது. நீங்க வந்தாதான் முடியும்."

அவள் கதவின் பிடியைத் திருகினாள். பூட்டியிருந்தது. முதுகுக்குப் பின்னால் தேநீர்க் கோப்பை தட்டில் உரசும் சத்தம்.

"யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?" மாப்பிள்ளையின் அக்கா வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"மெழுகுவத்திக் கடைக்காரர்," என்றாள் அவள்.

"அப்படியா." கையுறை விரல்கள் கோப்பையை மேசையில் வைத்தன. "நாளைக்கு மூணு மணிக்கு ஒத்திகை. பொண்ணு இடத்துல நீங்களே நின்னுடுங்க. உங்க உயரம்தான் அவளும்."

வண்டியில் திரும்பும்போது பூக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே கேட்டார்.

"நமக்கெதுக்கும்மா ஊர் வம்பு? போலீஸ்ல சொல்லிட்டு ஒதுங்கிடு."

"என்னன்னு சொல்றது? கடிகாரச் சத்தம் கேட்டுச்சுன்னா?"

"நீயா ஏதாவது கற்பனை பண்ணிக்கிறியோ என்னவோ. அந்த வீட்டைப் பார்த்தா யாருக்கும் அப்படித்தான் தோணும்."

"கற்பனையாவே இருக்கட்டும். இந்தப் பொண்ணைக் கண்ணால பார்க்காம நான் இந்தக் கல்யாணத்தை நடத்த மாட்டேன். நாளைக்கு நான் உட்காரப் போற இடத்துக்குப் பக்கத்துலதான் அந்தக் கதவு. நீங்க வண்டியைப் பின்வாசல்ல திருப்பி நிறுத்துங்க. நான் அவளைக் கூட்டிட்டு வந்துடறேன்."

அவர் பெருமூச்சு விட்டார். ஆனால் சரி என்றார்.

மறுநாள் மூன்று மணிக்கு வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே திரைகளை இழுத்து மூடி இருட்டை வரவழைத்திருந்தார்கள். மெழுகுவத்திகள் எரிந்தன. அறுபது நாற்காலிகள் காலியாக வரிசை கட்டி நின்றன. மாப்பிள்ளை நாற்காலியில் ஆளுக்குப் பதிலாக ஒரு கறுப்புக் கோட்டு, பித்தான்கள் போட்டபடி, முதுகு நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. கைகள் இரண்டும் கைப்பிடிகளில் வழிந்து கிடந்தன. ரோஜாக்கள் ஒரே நாளில் இன்னும் வாடி, இனிப்பும் அழுகலுமாக ஒரு மணம் விட்டன.

அவள் கைப்பையையும் குறிப்பேட்டையும் சின்னக் கதவின் ஓரம் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் அக்கா கறுப்பு லேஸை அவள் தலையில் போட்டு முகம்வரை இறக்கினாள். லேஸில் வேறு யாருடைய மூச்சோ ஊறியிருந்தது. காரணம் கேட்டால் அவளால் சொல்ல முடியாது, ஆனால் அப்படித்தான் தோன்றியது.

"உறுதிமொழியை முழுசாப் படிக்கணுமா? நாளைக்குப் படிச்சாப் போதாதா?" என்று கேட்டாள் மாப்பிள்ளையின் அக்கா.

இந்த இடத்தில்தான் அவள் தவறு செய்தாள். ஒத்திகையில் வார்த்தைகளை முழுங்கினால் நேரக் கணக்கு தப்பும் என்பது அவள் தொழில் பாடம். ஒரு தடவை அப்படித் தப்பி, பதினோரு நிமிடம் மேடையில் எல்லோரும் முழித்தபடி நின்றார்கள். அன்றிலிருந்து ஒத்திகையிலும் ஒரு எழுத்து விடாமல் சொல்ல வைப்பாள். அதுவுமில்லாமல், படிக்கப் படிக்கக் கதவைக் கவனிக்க நேரம் கிடைக்கும்.

"முழுசாவே படிங்க," என்று சொல்லி, மடியில் வைத்திருந்த போனில் நேரத்தை ஓடவிட்டாள்.

"இந்த வீட்டை உன் வீடாக ஏற்கிறாயா?"

"ஏற்கிறேன்."

"இந்த நாற்காலியை உன் இடமாக ஏற்கிறாயா?"

"ஏற்கிறேன்." நாவல் வசனம் எவ்வளவு நீளம் என்று மனதுக்குள் அலுத்துக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் மூன்று தட்டு. விழுங்கல்.

"உனக்கு முன்னால் இதில் இருந்தவள் எழுந்து போகட்டுமா?"

அவள் நிமிர்ந்தாள். லேஸ் வழியாக அந்த அம்மாளின் முகம் தெரியவில்லை. தாளைப் பிடித்த கையுறைகள் மட்டும் தெரிந்தன. இது என்ன கேள்வி? எந்தக் கல்யாணத்தில் இப்படிக் கேட்பார்கள்? ஆனால் கதவுக்குப் பின்னால் யாரோ அழுதார்கள், சின்னக் குரலில், வாயைப் பொத்திக்கொண்டு. தங்கையின் கை ஞாபகம் வந்தது.

"போகட்டும்," என்றாள். மனதாரச் சொன்னாள்.

கடிகாரம் நின்றது.

பூட்டு தானாகத் திறந்தது. சின்னக் கதவுக்கு அந்தப் பக்கம் அறையே இல்லை. சுவர்தான். சுவருக்கும் கதவுக்கும் நடுவே, ஒரு ஆள் நிற்கும் இடத்தில், ஒரு பெண் நின்றிருந்தாள். தலைமுடி முழங்கால்வரை. உட்கார்ந்தே பழகிப்போன கால்கள், நிமிர மறுத்து, மடிந்தபடியே அடி எடுத்து வைத்தன. இரண்டாவது அடியில் நேராயின. மூன்றாவதில் அது அவள் நடை. கடிகாரம்மாவின் விறுவிறு நடை. முகமும் தலைமுடியும்கூட அவளுடையதாக மாறியிருந்தன.

அந்தப் பெண் குனிந்து கைப்பையை எடுத்தாள். கடிகாரம்மாவின் மடியிலிருந்த போனை எடுத்து நேரத்தை நிறுத்தினாள்.

"மன்னிச்சிடுங்கக்கா," என்று காதோரம் சொன்னாள். "எத்தனையோ பேர்கிட்ட கேட்டேன். யாரும் வரல. நீங்க ரொம்ப நல்லவங்க."

கடிகாரம்மா எழ முயன்றாள். கால்கள் கேட்கவில்லை. கைகளும் கைப்பிடியை விட்டு வரவில்லை. கத்தினாள். தொண்டையிலிருந்து வந்தது அவள் சத்தம் இல்லை. அனுமதி கேட்கும் ஒரு மென்மையான, இளசான குரல். அது அறையைக்கூடத் தாண்டவில்லை.

பின்வாசலில் பூக்காரரின் பேச்சு கேட்டது.

"என்ன கடிகாரம்மா, தனியா வர்றே? அந்தப் பொண்ணு?"

"உள்ள யாரும் இல்ல. நான்தான் ஏதேதோ நினைச்சுட்டேன்." அது அவளுடைய குரல். பதினாறு வருடமாக அவர் கேட்டுப் பழகிய குரல்.

"நான்தான் நேத்தே சொன்னேனே! சரி, ஏறு."

வண்டிக் கதவு சாத்தப்பட்டது. எஞ்சின் உறுமியது. சரளைக் கற்கள் நொறுங்கும் சத்தம் தேய்ந்து, தேய்ந்து, இல்லாமல் போனது.

மாப்பிள்ளையின் அக்கா கடைசி வரிசைக்குப் போனாள். கையுறை விரல்களால் ஒரு மெழுகுவத்தியை நசுக்கி அணைத்தாள். அடுத்ததை. அடுத்ததை.

"அவனுக்கு வெளிச்சம் ஆகாது," என்றாள்.

கடைசி வரிசை இருண்டது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. யாரோ உட்காருகிறார்கள். அடுத்த வரிசை இருண்டது. அங்கேயும் கிறீச்சிட்டன. துணி உரசும் சத்தம். ஒரு இருமல். இன்னொரு வரிசை. இன்னொன்று. எல்லோரும் அமைதியாக, கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல.

மேடையில் ஒரே ஒரு மெழுகுவத்தி மிச்சம்.

பக்கத்து நாற்காலியில் கோட்டு மூச்சு வாங்கியது. பித்தான்கள் இறுகின. வலது கையின் துணி மெல்லப் புடைத்தது. அதிலிருந்து விரல்கள் வந்தன. நீளமாக, ஈரமாக, கைப்பிடியைத் தடவிக்கொண்டு, அவள் கை எங்கே என்று தேடிக்கொண்டு. எதையும் எண்ணிப் பழகியவள் அவள். அப்போதும் எண்ணினாள். மூன்று. நாலு. ஐந்து.

ஆறு.

ஏழு.

இன்னும் வந்துகொண்டே இருந்தன.