உள்ளும் புறமும் முதல் தரம்

ஜெசிந்தா காலையில் அடித்த ஆணியை மதியத்துக்குள் சுவர் வெளியே தள்ளிவிட்டது. துளை இருந்த இடத்தைப் பழைய சுண்ணாம்புப் பூச்சு அதே மஞ்சள் கறையோடு மூடிக்கொண்டிருந்தது. ஆணியை எடுக்கக் குனிந்தவள் அடிவயிற்றில் கை வைத்தாள். கரு தங்கி நாற்பத்தொன்பதாவது நாள். போன இரண்டு முறையும் ஐம்பதைத் தாண்டவில்லை.

ராயபுரத்தில் அந்த மூன்று மாடி வீட்டுக்கு நூற்றெண்பது வயது. பாரம்பரியக் கட்டடம் என்று அரசு அதற்கு முதல் தரம் கொடுத்திருந்தது. மூன்றாம் தரம் கிடைத்திருந்தால் முகப்பை மட்டும் தொடக்கூடாது. இரண்டாம் தரமென்றால் கூரையும் மாடிப்படியும் சேரும். முதல் தரத்தில் உள்ளும் புறமும் எதுவுமே மாறக்கூடாது. முன்பு அது வெறும் காகிதச் சட்டம். இடிக்க நினைத்தவர்கள் இடித்துவிட்டு அபராதம் கட்டினார்கள். காப்புத்துகள் வந்தபின் சட்டம் சுவருக்குள்ளேயே குடியேறிவிட்டது. ஒரு நாள் கட்டடத்தை முழுவதுமாகப் பதிவு செய்வார்கள். அதன்பின் எது மாறினாலும் தூசியைவிடச் சிறிய அந்தத் துகள்கள் பதிவில் இருந்தபடி திருப்பிவிடும்.

பதிவு நாளில் எல்லோரும் வெளியே போயிருக்க வேண்டும். ஆனால் வீடு காலியானால் அந்த இடத்துக்குக் காத்திருந்த பில்டரின் ஆட்கள் பூட்டை மாற்றிவிடுவார்கள் என்று குடித்தனக்காரர்கள் பயந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு மூச்சுக் காட்டாமல் உள்ளேயே இருந்தார்கள். அதிகாரியிடம் எல்லோரும் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

மூன்று மாதம்தான் என்று டாக்டர் கைவிட்டிருந்த மாமனார் சவரிநாயகம் பதிவுக்குப்பின் நான்கு வருடமாக அதே இளைப்போடு, அதே மஞ்சள் கண்ணோடு நடமாடினார். இரண்டாம் மாடி ஸ்டெல்லா அக்காவுக்கு மங்கிக்கொண்டிருந்த பார்வை அதற்குமேல் மங்கவில்லை. மாதாவின் புண்ணியம் என்றார்கள்.

அன்று வருட ஆய்வுக்கு வந்த தரநிலை அலுவலர் பூங்கோதையை ஜெசிந்தா மாடிப்படியில் மடக்கினாள். பதிவு நாளில் இருந்ததைப்போலவே கணவன் இப்போதும் கப்பலில் இருந்தான். விடுமுறை முடிந்து அவன் கிளம்பியபின் தெரிந்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை என்றாள். துகள்கள் கருவை ஏதாவது செய்யுமா என்று கேட்டாள். பூங்கோதை சிரித்துக்கொண்டேதான் துகள்மானியை அவள் மணிக்கட்டில் வைத்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது.

"பதிவு அன்னைக்கு உள்ள இருந்தீங்களா?"

ஜெசிந்தா தலையசைத்தாள்.

"எல்லாருமா?"

பூங்கோதை படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உடம்புக்குள் துகள்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும், ஏழு வாரம் பிடிக்கும் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். பதிவில் இல்லாத எதுவும் அவற்றுக்குக் கூடுதல் கட்டுமானம். அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், தொண்ணூறு நாள் ஆகும்.

"இப்பவே கிளம்பிடுங்க. ஒரு முழு நாள் வெளிய இருந்தா உங்க உடம்புல இருக்கற துகள் செத்துடும்."

"அப்புறம் இங்க இருக்கறவங்க?"

"நீங்களும் பதிவுல ஒரு பாகம். அது குறைஞ்சா தரம் போயிடும். தரம் போனா துகள் எல்லாமே நின்னுடும்." அவள் கைப்பையை மூடினாள். "நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க."

ஜெசிந்தா மாற்றுப்புடவைகூட எடுக்கவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அலுவலர் போன வாசல் கேட் அதற்குள் பூட்டியிருந்தது. அருகில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமனார் உட்கார்ந்திருந்தார். சாவி அவர் மடியில் இருந்தது. மாடிப்படியில் பேசுவது கீழே நன்றாகக் கேட்கும்.

"கேட்டைத் திறங்க மாமா. சாயங்காலம் வந்துடுவேன்."

"பொய் சொல்லத் தெரியாதே ஜெசி உனக்கு."

அவர் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார். இந்த மனிதர் அவளை ஒருநாளும் அதட்டியதில்லை. அவள் கல்யாணமாகி வந்த முதல் வாரம், காரம் தாங்காதென்று தனியாக மீன் பொரித்துக் கொடுத்தவர்.

"உங்க பேரப்புள்ள மாமா."

"தெரியும்மா." அவர் அழுதுகொண்டிருந்தார். "எனக்கு அறுபத்தெட்டு ஆச்சு. அதுக்கு இன்னும் வயசே ஆரம்பிக்கல. நான் போனா எனக்குத் தெரியும். அதுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு ரொம்பப் பயமா இருக்கும்மா."

அவள் கேட் கம்பியைப் பிடித்து ஆட்டினாள். தெருவில் ஷேர் ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன. கத்தலாமென்று வாயைத் திறந்தபோது மேலே ஒரு கதவு திறந்தது. பிறகு இன்னொன்று. அவர் முன்பே எல்லோருக்கும் போன் செய்திருந்தார்.

முதலில் வந்தவள் ஸ்டெல்லா அக்கா. வாம்மா, வெயிலில் நிற்காதே என்றாள். ஒருத்தி கம்பியிலிருந்து ஜெசிந்தாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இன்னொருத்தி செருப்பை வாங்கிக்கொண்டாள். யாருக்கும் கோபம் இல்லை. விழப்பார்த்த தூணைச் சரியான இடத்தில் நிறுத்துகிறவர்களைப்போல, எங்கும் அடிபடாமல், அவளை நான்கு பக்கமும் தாங்கிப் படியேற்றினார்கள்.