எண் போன கோப்பு

காலை ஆறு மணி. நாரின் நகர மருத்துவமனையில் செவிலி போர்வையை விலக்கியபோது ரொட்டிக்கடைக்காரி புருலின் உடல் சில்லிட்டிருந்தது. மூச்சு குறைந்தால் அலற வேண்டிய கருவி, தலைமாட்டில் சத்தமின்றி ஒளிர்ந்துகொண்டிருந்தது.

மதியத்துக்குள் தலைநகர் பிஷ்கெக்கில் எர்மெக்கைப் பிடித்துவிட்டார்கள். அந்தக் கருவிக்கு நிரல் எழுதியவன் அவன்தான். மருத்துவமனையில் இணையம் கிடையாது. திருத்தங்களைக் கோப்புகளாக்கி, பென் டிரைவில் போட்டு, மினி பஸ் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புவது வழக்கம்.

"ரெண்டு கோப்பு அனுப்பினேன்க்கா. ஒண்ணு மணிய அடிக்க வைக்கும், இன்னொண்ணு சத்தத்தக் கூட்டும்," என்றான் எர்மெக்.

"அங்க இருக்கிறது ஒண்ணுதான். மணி அடிக்க வைக்கிறத அழிச்சது யாரு?" என்றாள் விசாரணை அதிகாரி சபிரா.

"நான் இல்ல. பொய்னா ரொட்டி என்னை அடிக்கட்டும்!"

அந்த மண்ணில் ரொட்டி புனிதம்; அதன் மேல் ஆணையிட்டு அவன் பொய் சொல்ல மாட்டான் என்று சபிராவுக்குப் பட்டது. எர்மெக்கின் அலுவலகத்துக்குப் போனாள்.

"சரியான சோம்பேறிக்கா அவன்," என்றான் அவனுடைய குழுத் தலைவன் தலாந்த். "எத எழுதினாலும் தலைப்பு 'மணி திருத்தம்'தான். பிள்ளை பொறந்தாலும் அதே பேர்தான் வைப்பான்."

சபிரா அங்கிருந்த கணினியை இழுத்துக்கொண்டாள். போன மாத பென் டிரைவைச் செருகினாள்: '1-மணி திருத்தம்', '2-மணி திருத்தம்'. இந்த மாதம் அனுப்பிய புதியதில் ஒரே ஒரு கோப்பு, வெறும் 'மணி திருத்தம்'.

"நம்பர் எங்க போச்சு?"

"அதுவா? கோப்பாக்கித் தர்ற மென்பொருள் தானா நம்பர் போடும். அசிங்கமா இருந்துச்சு. தலைப்பு மட்டும் வர்ற மாதிரி மாத்தி வச்சேன்."

"எர்மெக்கிட்ட சொன்னீங்களா?"

"இதெல்லாம் போயி சொல்லணுமா?"

"யாரும் எதையும் அழிக்கல, தலாந்த். ரெண்டுக்கும் ஒரே தலைப்பு. நம்பரும் இல்ல. ரெண்டாவது கோப்பு முதலாவது இடத்துலயே விழுந்து அதை இல்லாம ஆக்கிடுச்சு. அடிக்காத மணிக்குச் சத்தத்தக் கூட்டி அனுப்பியிருக்கீங்க."

"நான் கொல்லலக்கா..."

"ஒரு வார்த்தை சொல்லல. அவ்வளவுதான் நீங்க செஞ்சது."

மாலையில் எர்மெக்கை விடுவித்தார்கள். அவன் முகத்தில் நிம்மதி இல்லை. காவல் நிலைய பெஞ்சில் தலாந்த் தலைகவிழ்ந்து உட்கார்ந்திருந்தான்.

"நானும் வேற வேற தலைப்பு வச்சிருந்தா அந்தம்மா..." என்றான் எர்மெக்.

அங்கிருந்த கெண்டியிலிருந்து தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றித் தலாந்திடம் நீட்டினான். தலாந்தின் கைகள் நிற்கவில்லை, தேநீர் தளும்பியது. எர்மெக் கிண்ணத்தைக் கீழிருந்து தாங்கிக்கொண்டான்.

சபிரா இரு உள்ளங்கைகளையும் விரித்துப் புருலுக்காக வேண்டினாள். செய்ய வேறெதுவும் மிச்சமில்லை.