வாசமில்லாத வாயு

திண்டிவனத்தில் புயல் மழை விடாமல் கொட்டியது. முந்தாநாள் போன கரண்ட் இன்னும் வரவில்லை.

வெண்ணிலாவின் அம்மா பானுப்ரியா ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்பவர். லேபில் தண்ணீர் ஏறுகிறது என்று போன் வந்ததும் கிளம்பிவிட்டார்.

"சாம்பிள் எல்லாம் கீழ் அலமாரில இருக்கு. மேல எடுத்து வெச்சிட்டு வந்துடறேன். நீ ரோஜா வீட்டுல இரு."

அது என்ன சாம்பிள் என்று ஆறாவது படிக்கும் வெண்ணிலாவுக்குத் தெரியும். போரான் நைட்ரைடு என்ற வெள்ளைப் பொருளின் ஏடுகள். அவற்றின் மெல்லிசுக்கு முன்னால் பால் ஏடெல்லாம் கம்பளி! தனியாக இருந்தால் அந்த ஏடு எதோடும் சேராது. செம்பின் மேல் படிய வைத்தால் குணம் மாறி ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவோடு அதைச் சேர்த்து, நாம் மூச்சில் விடும் வாயுவாக மாற்றிவிடும்.

"வண்டிப் புகைக்குழாயில இதுக்கு இப்ப பிளாட்டினம் போடறாங்க. அது ரொம்ப விலை. செம்பே போதும்னா எல்லார் வண்டியிலயும் வைக்கலாம்" என்பார் அம்மா.

"அந்த விஷம் எப்படிம்மா இருக்கும்?"

"வாசம் கிடையாது, நிறம் கிடையாது. தலை வலிக்கும், அப்புறம் தூக்கம் வரும். அதான் பயம்."

தோழி ரோஜாவின் அப்பா மைக்செட் கடை வைத்திருப்பவர். நனையக்கூடாதென்று ஜெனரேட்டரைச் சமையலறைக்குள் வைத்து ஓடவிட்டு, கடைக்குள் புகுந்த தண்ணீரை இறைக்கப் போயிருந்தார். தெருக்காரர்களின் போன்கள் எல்லாம் ஹாலில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. சாரல் அடிக்காமல் ஜன்னல்களை மூடி, இடுக்குகளில் துணி வேறு செருகியிருந்தார்கள்.

இருவரும் கேரம் ஆடினார்கள். ஏமாற்றியாவது ஜெயித்துவிடும் ரோஜா, இன்று ரெட் காய் விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"தலை வலிக்குதுடி" என்றாள்.

"எனக்கும் கிறுகிறுன்னு வருது" என்றார் சுவரில் சாய்ந்திருந்த அவள் அம்மா சவுரியம்மாள். "தூக்கமில்ல, அதான். இந்தத் தேவா பய இன்னைக்குத்தான் பேஜாரு பண்ணாம தூங்கிக்கினு இருக்கான்."

ஒரு வயதுத் தேவா பாயில் கிடந்தான். வெண்ணிலா அவன் உள்ளங்காலைச் சுரண்டினாள். அவன் காலை இழுத்துக்கொள்ளவே இல்லை.

வெண்ணிலா ஜெனரேட்டர் ஓடும் சமையலறையைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தலையும் கனத்தது.

"அத்தை, எல்லாரும் வெளிய போயிடலாம். ஜெனரேட்டர்ல விஷ வாயு வருது!"

"இன்னா பேசற நீ? ஒரு வாடையும் வரலியே. இந்த மழையில எங்க போறது?"

"அதுக்கு வாடை வராது அத்தை!"

"சும்மா இரு கண்ணு. அவரு வந்து பார்ப்பாரு." சவுரியம்மாள் கண்களை மூடிக்கொண்டார்.

வெண்ணிலா தேவாவைத் தூக்கித் தோளில் போட்டாள். கதவைத் திறந்து மழைக்குள் ஓடினாள்.

"ஏய்! குழந்தைய நனைக்கிறா பாரு! புடிடி அவள!"

சவுரியம்மாள் தடுமாறி எழுந்து துரத்தினார். பின்னாலேயே ரோஜாவும் வந்தாள். இருவரும் தெருவுக்கு வந்துவிட்டதைப் பார்த்த பிறகுதான் வெண்ணிலா நின்றாள்.

அடிக்கக் கையை ஓங்கிய சவுரியம்மாள், முகத்தில் மழை விழுந்தும் மகன் கண் திறக்காததைப் பார்த்தார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"தேவா... டேய், தேவா!"

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் தென்னரசு எட்டிப் பார்த்தார்.

"மாமா, ஜல்தி! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!" என்று கத்தினாள் வெண்ணிலா. "அந்த வீட்டுக்குள்ள யாரையும் போக விடாதீங்கன்னு உங்க வீட்டு மாமிகிட்ட சொல்லுங்க!"

ஆஸ்பத்திரியில் நால்வருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள்.

"இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், சவுரியம்மாளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பானுப்ரியா சேறு அப்பிய புடவையோடு ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

"சாம்பிள் எல்லாம் என்னாச்சும்மா?"

"போச்சு. நான் போறதுக்குள்ள அலமாரியே முழுகிடுச்சு."

"அதை அந்த ஜெனரேட்டர்ல வெச்சிருந்தா இப்படி ஆகியிருக்காதா?"

"அவ்வளவு தூரம் இன்னும் வரல கண்ணு. லேபுல ஒரு சின்னக் குழாய்லதான் வேலை செஞ்சுது. நல்லா வந்தாலும் ஜெனரேட்டர் வெளியதான் இருக்கணும்."

"திரும்பப் பண்ணுவியா?"

பானுப்ரியா அடுத்த கட்டிலைப் பார்த்தார். முகமூடிக்குள் தேவாவின் முகம் சின்னதாகத் தெரிந்தது. சவுரியம்மாள் அவன் விரல்களைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"பண்ணுவேன்" என்றார்.

வெளியே மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

திடீரென்று தேவா கையை உதறினான். முகமூடியைப் பிடித்து இழுத்தான். வாயைத் திறந்து, கட்டிடமே அதிர அழ ஆரம்பித்தான்.

அந்த வார்டில் ஒருவர்கூட அவனை அழாதே என்று சொல்லவில்லை.