ஏறிக்கோ, போலாம்

மத்தியானம் மூன்று மணிக்கு அந்த வீட்டு வாசலில் பிக்கப்பை நிறுத்தினோம். ஞாயிற்றுக்கிழமை. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. மழை வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி வானம் மூடிக் கிடந்தது.

வந்தது நானும் என் மச்சினனும். மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. வார நாளில் நான் சிமெண்ட் கிடங்கில் மூட்டை இறக்குகிறவன், அவன் பஸ் பணிமனையில் டயர் கழற்றி மாட்டுகிறவன். லீவு நாளில் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கலாம் என்று ஆரம்பித்து ஆறு வாரம் ஆகியிருந்தது. ஒரு பழைய பிக்கப், அதன் பின்னால் மாட்டி இழுக்க ஒரு டிரெய்லர். 'வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கப்படும்' என்று டிரெய்லரின் பலகையில் நானே பெயிண்டால் எழுதினேன். எழுத்து எனக்கு நாற்பது வயசுக்கு மேல்தான் வந்தது, அந்த ஒரு வரிக்கு அரை நாள் பிடித்தது. மச்சினன் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இதுக்கு மூட்டையே தேவலாம் போல மாமா" என்றான்.

மூட்டை தேவலாம் இல்லை. அதிலிருந்து தப்பிக்கத்தான் இந்த வண்டியே. முதுகில் இரண்டு எலும்பு தேய்ந்துவிட்டது, இன்னும் ஒரு வருஷம் இப்படியே தூக்கினால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். லீவு நாள் வேலை நிலைத்துவிட்டால் கிடங்கை விட்டுவிடலாம். அலமாரி தூக்குவதும் தூக்குவதுதான், ஆனால் தினம் முந்நூறு மூட்டை கிடையாது. முதுகு எனக்கு மிஞ்சும். எங்கள் வீட்டில் அப்போது இதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

வீட்டுக்கார அம்மா வாசலோடு நின்றுகொண்டார். அப்பாவின் வீடு, அவர் போய் இரண்டு மாசம், எட்டு வருஷம் படுக்கையில் கிடந்தார், வீட்டை விற்கப்போகிறோம், துரும்பு மிச்சம் வைக்காமல் எடுத்துவிடுங்கள் என்று மூச்சு விடாமல் சொன்னார். சாவியைக் கையில் கொடுத்தார். பூட்டிவிட்டு ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிடச் சொன்னார். உள்ளே ஒரு காலடிகூட எடுத்து வைக்காமல் போய்விட்டார்.

உள்ளே வலித் தைலமும் ஈர மெத்தையும் கலந்த வாசனை. பகலிலேயே இருட்டு. கூடத்துச் சாமான்களை முடித்துவிட்டுக் கடைசியாக உள் அறைக்குப் போனோம். ஓர் இரும்புக் கட்டில். எதிரே ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கட்டிலை நகர்த்தியபோது மச்சினன்தான் காட்டினான். படுத்தபடி கை நீட்டினால் எட்டுகிற இடத்தில், சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரிந்தது.

"தட்டித் தட்டிக் கூப்பிட்டிருப்பாரு போல" என்றான் மெதுவாக.

கட்டிலை இரண்டு பேருமாகத் தூக்கி வெளியே கொண்டுவந்து ஏற்றினோம்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. கடைசியாக ஏறுகிறவன் டிரெய்லரின் பின் பலகையில் கையால் இரண்டு தட்டுத் தட்டுவான். கயிறு கட்டியாச்சு, ஆள் ஏறியாச்சு, எடு என்று அர்த்தம். தட்டு விழாமல் வண்டி நகராது. இன்னொன்று, காலியான வீட்டுக்குள் ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவோம். ஒரு தடவை அவனைக் குளியலறையில் விட்டுவிட்டு நான் பாதித் தூரம் போய்விட்டேன், அதிலிருந்து வந்த பழக்கம்.

அன்றைக்கு அவன் பின்கட்டுக் கதவைச் சாத்தப் போயிருக்கிறான் என்று நினைத்து, கூடத்தில் நின்று உள்ளே பார்த்துச் சொன்னேன்.

"எல்லாம் முடிஞ்சுது. வா, ஏறிக்கோ, போலாம்."

உள் அறையிலிருந்து காலடி வந்தது. மெதுவாக. ஒரு கால் தரையில் இழுபட்டது. கட்டிலைத் தூக்கும்போது காலில் போட்டுக்கொண்டான் போலிருக்கிறது என்று எண்ணியபடி, திரும்பிப் பார்க்காமல் வந்து வண்டியில் ஏறினேன்.

மச்சினன் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

பின் பலகையில் இரண்டு தட்டு விழுந்தது.

நான் அவனைப் பார்த்தேன். அவன் பாட்டிலை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டான். இறங்கிச் சுற்றி வந்து பார்த்தோம், யாரும் இல்லை. கதவைப் பூட்டிச் சாவியை ஜன்னலில் போட்டுவிட்டுக் கிளம்பினோம்.

பாதிச் சாமானைப் பழைய சாமான் கடையிலும், மீதியைக் குப்பைமேட்டிலும் இறக்கினோம். இறக்கி முடித்ததும் எப்போதும்போல் டயருக்கும் மட்காடுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தேன். காலி டிரெய்லர் என்றால் எட்டு விரல் போகும். நாலு மூட்டை ஏற்றினால் ஒரு விரல் இறங்கும். இது எனக்கு மனப்பாடம்.

ஏழு விரல்தான் போனது.

மச்சினன் கீழே படுத்து ஸ்பிரிங்கைத் தட்டிப் பார்த்தான், காற்றுப் பார்த்தான். "ஒரு குறையும் இல்ல மாமா. உங்க கூடச் சேர்ந்து இதுக்கும் முதுகு போச்சு" என்று சிரித்தான். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. எட்டு வருஷம் படுக்கையில் கிடந்த மனுஷன் எலும்பும் தோலுமாகத்தான் இருந்திருப்பார். நாலு மூட்டைக் கனம் எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என்னை மோந்து பார்த்தாள். "தைலம் தேச்சீங்களா? அவ்வளவு வலியா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

அடுத்த வாரமும், அதற்கு அடுத்த வாரமும், நாங்கள் இருவரும் முன்னால் ஏறி உட்கார்ந்த பிறகு பின்னால் இரண்டு தட்டு விழுந்தது. மூன்றாவது வாரம் மச்சினன் டிரெய்லரைக் கழுவிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். பின் பலகையில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. குழாயை மூடினான். கை துடைத்தான். "நான் டயரோடயே இருந்துக்கறேன் மாமா. தப்பா நினைக்காதீங்க" என்றான்.

அதற்குள் என் முதுகு முந்திக்கொண்டது. கிடங்கில் ஒரு நாள் காலையில் குனிந்தவன் நிமிர முடியவில்லை. மேஸ்திரி பத்து நாள் பொறுத்தார், பிறகு வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அப்படியாக ஓய்வு நாள் வேலையே என் முழு வேலை ஆயிற்று. இருந்தது இந்த டிரெய்லர் ஒன்றுதான்.

அந்த வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் செய்தேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் அப்பா ஒண்ணுதான் கேட்பாரு. என்னையும் ஏத்திக்கிட்டுப் போங்கன்னு. யாரும் வான்னு சொல்லல. நானும் சொல்லல."

எங்கே போகவேண்டும் என்பார் என்று கேட்டேன்.

"எங்கயாவது. அந்த ரூமைவிட்டு வெளிய, அவ்வளவுதான்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நல்லா இருக்காரா?"

போனை வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே டிரெய்லரை இழுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். கதவில் புதுப் பூட்டு. பின் பலகையை இறக்கிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

"ஐயா, உங்க வீடு வந்துடுச்சு. இறங்கிக்கோங்க."

காற்றுகூட அசையவில்லை. தைல வாசனை மட்டும் கிட்டத்தில் வந்தது.

இரண்டு தட்டு.

எடு என்று அர்த்தம்.

பயப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே. அன்று எனக்கு அது இல்லை. பலகையை ஏற்றிக் கொண்டியைப் போட்டேன். எத்தனையோ ஆயிரம் மூட்டை சுமந்தாயிற்று, இதையும் சுமந்தால் என்ன என்று வண்டியை எடுத்தேன். பிறகு பழகிவிட்டது. 'இன்னைக்கு ஆத்துப் பாலம் தாண்டிப் போறோம் ஐயா' என்று சொல்லிவிட்டுக்கூடக் கிளம்புவேன். தட்டு விழும். போவேன். காலியான வீடுகளில் மட்டும் வாயைத் திறப்பதில்லை. அதில் உஷாராக இருந்தேன்.

முந்தாநாள் ஒரு மாடி வீடு. கீழ் அறையில் ஒரு பெண் பல வருஷம் படுத்திருந்து போனாளாம், நாற்பது வயசுகூட இல்லையாம். அவள் அண்ணன் சாமான்களைக் காட்டிவிட்டு வெளியே போய்விட்டார். தனியாளாக ஒவ்வொன்றாக இழுத்து ஏற்றினேன். கடைசியில் அவளுடைய கட்டில். உதட்டை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கயிறு கட்டினேன், ஏறி உட்கார்ந்தேன், தட்டுக்காகக் காத்திருந்தேன்.

தட்டு விழவில்லை.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பல நாள் பேசாமல் கரகரத்துப்போன குரல். அது என்னிடம் பேசவில்லை. அந்த வீட்டைப் பார்த்துப் பேசியது.

"எல்லாம் முடிஞ்சுது. வா, ஏறிக்கோ, போலாம்."

என் வார்த்தை. நான் சொல்கிற அதே இழுவை.

திறந்திருந்த கதவுக்குள்ளே யாரோ தரையில் கால் ஊன்றுகிற சத்தம்.

டிரெய்லர் ஒரு முறை அமுங்கியது.

இரண்டு தட்டு. பிறகு, கொஞ்சம் மெல்லிய கையால், இன்னும் இரண்டு.

சாமானை இறக்கியபின் விரலை விட்டுப் பார்த்தேன். ஆறு. மூட்டை தூக்குவதை விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

நாளைக்கு எடுக்கவேண்டியது ஒரு பழைய ஆஸ்பத்திரி. இனி எழுந்திருக்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டவர்களைப் படுக்க வைக்கிற வார்டாம். முப்பது கட்டில். ஒத்துக்கொண்டுவிட்டேன், வேறு வேலை இல்லை.

இதை எழுதும்போது வாசலில் சாயங்கால வெயில் அடிக்கிறது. டிரெய்லரைப் பிக்கப்பில் இன்னும் மாட்டக்கூட இல்லை, தனியாகத்தான் நிற்கிறது.

தட்டுகிறார்கள். அவசரமாக.