காதிலிருந்து விழுந்தது

மகள் அபிநயாவின் காதிலிருந்து விழுந்தது ரவை அளவுதான் இருந்தது. ஆனால் அந்த நாற்றம், சீ, மழையில் நனைந்து அழுகிய வெங்காயச் சேமிப்புப் பட்டறையையே அறைக்குள் கொண்டுவந்து கொட்டியது போல இருந்தது. மேகலா மூக்கைப் பொத்திக்கொண்டாள். அரும்பாவூர் டாக்டர் சரியாகக்கூடப் பார்க்காமல் “அழுக்குதாங்க” என்று சொட்டுமருந்து எழுதிக் கொடுத்திருந்தார். அழுக்கு இப்படியா நாறும்? இரண்டாம் வகுப்புப் பிள்ளை சோறு தண்ணி இல்லாமல் காதைப் பிய்த்துக்கொண்டு கிடக்கிறாள். உள்ளே இன்னும் என்ன இருக்கிறதோ.

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் எலக்ட்ரான் நுண்ணோக்கியை இயக்குவதுதான் மேகலாவின் வேலை. சனிக்கிழமை மதியம், மாணவர்கள் யாருமில்லை. மகளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அந்தத் துணுக்கை உலர்த்தி, சின்னத் தட்டில் ஒட்டி, மெல்லிய தங்கப்பூச்சு கொடுத்து, எந்திரத்துக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். பம்ப் உறுமிக்கொண்டே காற்றையெல்லாம் உறிஞ்சியது. காற்றில்லாத இடத்தில் எது உயிரோடு இருக்கும்? அந்த நினைப்பு கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இந்த எந்திரத்துக்கு வெளிச்சம் வேண்டாம். எலக்ட்ரான் கற்றை, ஏர் ஓட்டுவது போல, வரி வரியாகப் பொருளின் மேல் போகும். அது பட்ட இடத்திலிருந்து எலக்ட்ரான்கள் தெறிக்கும். அதிகம் தெறித்தால் திரையில் வெளுப்பு, குறைந்தால் கறுப்பு. படம் மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. மயிர். மடிப்பு மடிப்பாக வயிறு. மடிப்புகளில் காய்ந்த சீழ். பிறகு கால்கள், கொக்கி கொக்கியாக.

“அடக் கருமமே!”

ஒரு கால் மட்டும் கோணலாக இழுபட்டிருந்தது. எந்திரம் அதிர்ந்திருந்தால் படம் முழுக்கக் கோணியிருக்கும். மற்றதெல்லாம் நேராக இருந்தது. கற்றை வரி வரியாக இறங்கும் நேரத்தில் ஒன்று நகர்ந்தால்தான் அது மட்டும் இப்படி இழுபடும்.

மறுபடி ஓட்டினாள். எல்லாக் கால்களும் இழுபட்டிருந்தன.

இன்னொரு முறை. தட்டு காலி.

காற்றை உள்ளே விட்டாள். கதவைத் திறந்தாள். பதற்றத்தில் கையுறைகூடப் போடவில்லை. தட்டைத் தடவினாள். இல்லை. கதவின் விளிம்பைத் தடவினாள். இல்லை. சாத்தினாள். வேலை முடிந்ததும் எந்திரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது தினப்படிப் பழக்கம். கை தானாகக் கண்ணுக்குப் போய்விட்டது. அப்புறம்தான் விரல் பிசுபிசுத்தது தெரிந்தது. அதே நாற்றம்.

“அம்மா, காது இப்ப அரிக்கலம்மா.”

ஓடிப்போய் செல்போன் வெளிச்சத்தில் காதுக்குள் பார்த்தாள். வலது கண்ணில் நீர் கோத்து மங்கியது. இடது கண்ணால் பார்த்தாள். சிவந்திருந்தது, அவ்வளவுதான். வேறு எதுவுமே இல்லை. பெற்ற வயிறு குளிர்ந்துபோனது.

“எல்லாம் போயிடுச்சுடி கண்ணு. வா, வூட்டுக்குப் போவலாம்.”

அபிநயா வரவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்தபடி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

“அம்மா… ஒங் கண்ணுக்குள்ளேர்ந்து யாரும்மா கால நீட்டுறது?”

மேகலா கண்ணை மூடப் பார்த்தாள். வலது இமை இறங்கவில்லை. எதுவோ அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.