தீட்டாமல் விட்ட இடம்

படத்தில் கதவு நீர்வண்ணமாகியிருந்தது. சுவரின் பாசியும், மூலையில் சாய்த்துவைத்த குடையும்கூட. மகள் மாதுரி மட்டும் ஆகவில்லை. அவள் நின்ற இடத்தில், ஏழு வயதுப் பெண்ணின் அளவுக்கு வெறும் வெள்ளைத் தாள்.

சுபாஷிணி மென்பொருளை மூடித் திறந்து மறுபடி ஓட்டினாள். அதே வெள்ளை. இடவப்பாதிப் பருவமழை கொச்சி மட்டாஞ்சேரியின் ஓடுகள்மேல் விடாமல் இறங்கிக்கொண்டிருக்க, எதிர்க் கிடங்கின் சுக்கு வாசனை ஈரத்தில் ஊறி, மூச்சில் ஒட்டுகிற கனத்தோடு அறைக்குள் தேங்கிக் கிடந்தது. கூடத்தில் மகள் தனக்குத்தானே ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

புகைப்படங்களை இப்படி ஓவியமாக்கி யூதர் தெருவான ஜூ டவுனின் ஓட்டல்களுக்குக் கொடுப்பது சுபாஷிணியின் தொழில். போன மாதம் ஒரு பழைய வீட்டுக் கதவைக் கைபேசியில் எடுத்தாள். அதில் சாய்ந்து ஒரு பையன் சிரித்தான். காக்கி டிரவுசர், சட்டையில் பொத்தானுக்குப் பதில் ஊக்கு. படத்தில் ஆள் வேண்டாம் என்றார் ஓட்டல்காரர். பையனைத் துடைத்துவிட்டு, மூலப்படத்தின் மேலேயே சேமித்துவிட்டாள்.

அவன் பெயர் அழகர் என்பது இன்று காலைதான் தெரிந்தது. அவன் அம்மா இசக்கிசெல்வி வாசலில் வந்து நின்றாள். எலிக்காய்ச்சலில் போய்விட்டானாம். அவனை எடுத்த கடைசிப் படம் அது, ஒரு பிரதி போதும் என்றாள். அழித்ததைச் சொல்லக் கூசி, அந்தப் படத்தில் யாருமே இல்லை என்றாள் சுபாஷிணி.

இசக்கிசெல்வி கதவருகே நின்ற மாதுரியையே பார்த்தாள்.

“சிரிச்சுக்கிட்டு நின்ன புள்ளைய ஆளே இல்லங்கியளேக்கா. ஒங்க புள்ளையும் கதவுலதான் நிக்கி. பாத்துக்கிடுங்க.”

இப்போது, மாதுரியின் படத்தில், சுபாஷிணி வேறு வழியில் முயன்றாள். படம் முழுவதையும் வெள்ளையால் மூடிவிட்டால், திரையில் தூரிகை போகிற இடத்தில் மட்டும் அடியில் இருப்பது மெல்ல எழும்பி வரும். மகள் நின்ற இடத்தின் கால்பக்கம் தேய்த்தாள். நிறம் ஊறி வந்தது.

“அம்மா, நேக்கு காலு குளிர்றது,” என்றாள் மாதுரி கூடத்திலிருந்து.

சாரலில் நிற்காதே என்று சொல்லிவிட்டு மேலே தேய்த்தாள். முழங்கால். இடுப்பு. மஞ்சள் பாவாடை வர வேண்டிய இடத்தில் காக்கி.

“கையும் குளிர்றதும்மா.”

மகளின் முகம் வந்தால் போதும். வேகமாகத் தேய்த்தாள். மார்பில் சின்னதாக ஒரு மினுக்கம்.

ஊக்கு.

கையை எடுத்துவிட்டாள். தூரிகை நிற்கவில்லை. தோள். கழுத்து. மோவாய். கூடத்தில் பாட்டு இல்லை. கண்கள்.

அழகர் சிரித்தான். முழுசாக.

பின்னால் கொலுசு. ஈரப் பாதங்கள். மெதுவாக வந்தன. அறை வாசலில் நின்றன.

“மாதுரி?”

சுபாஷிணி திரும்பினாள்.

மஞ்சள் பாவாடையின் நிறம் கரைந்து தரையில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, முகம் இருந்த இடத்தில், சொரசொரப்பான வெள்ளைத் தாள்.

அது கதவில் சாய்ந்து நின்றது.